ஆள் இல்லாமல் கூப்பிட்ட விளக்கு

அப்பா, நான் முதலில் கவனித்தது அந்த டேப்பைத்தான். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், சின்ன கம்ப்யூட்டர் போர்டின் பிளக்கை யாரும் தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாது என்று சுவரோடு சேர்த்து நான் ஒட்டி வைத்திருந்த பழுப்பு நிற டேப். நான் டேப் ஒட்டினால் ஓரம் சுருங்கும், நடுவில் காற்று நிற்கும். சனிக்கிழமை மாலை கடையிலிருந்து வந்து பார்த்தபோது அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான்கு ஓரங்களும் நகத்தால் அழுத்தித் தேய்க்கப்பட்டிருந்தன. பைண்டிங் பட்டறையில் இருபது வருஷமாக நோட்டுகளின் முதுகில் துணி ஒட்டி, நகத்தால் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் தட்டையான ஆள் நம் வீட்டில் ஒருவர்தான். நீ பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாய், பிறகு செருகியிருக்கிறாய், டேப்பை முன்னைவிட அழகாக ஒட்டியிருக்கிறாய். அது ஒன்பதாம் நாள். நான் மாட்டிய விளக்குகள் பத்து நாள் ஒழுங்காக வேலை செய்தால் நான் ஓசூருக்கு வேலைக்குப் போகலாம் என்று சொன்னது நீதான். திங்கட்கிழமை காலை பஸ்.

மற்ற வீடுகளில் பிள்ளை ஊருக்குப் போகும்போது அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்து இப்படி ஒரு நீளமான கடிதம் எழுதுவார்கள். அதைச் செய், இதைச் செய்யாதே, நான் செய்த தப்பை நீ செய்யாதே என்று. நம் வீட்டில் அதை நான் எழுத வேண்டியிருக்கிறது. ஐந்து வயதிலிருந்து உனக்கும் அம்மாவுக்கும் டாக்டரிடம், ரேஷன் கடையில், கரண்ட் ஆபீசில் காதாகவும் வாயாகவும் இருந்தவள் நான். யார் யாருக்குப் பெற்றோர் என்பதே பல நாள் எனக்குக் குழம்பிப்போகும். நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எளிதாக எழுதுகிறேன். கையால் பேசும்போது நான் உன்னை மரியாதையாகக் கூப்பிடுவதா வேண்டாமா என்ற கேள்வியே வருவதில்லை, ஒரு விரலை உன் பக்கம் நீட்டினால் போதும். தாளில் 'நீங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரருக்கு எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். நம்மைப் போன்ற வீடுகளில் வளரும் மற்ற பிள்ளைகள் இதைப் படித்தாலும் எனக்குப் பரவாயில்லை. அவர்களில் பாதிப் பேராவது நான் செய்த தப்பைச் செய்துகொண்டிருப்பார்கள்.

இரண்டு வாரமாக என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நீயும் பார்த்திருப்பாய். சாப்பிடும்போது எழுந்து போர்டைப் பார்ப்பேன், குளிக்கப் போகும்போது போனை எடுத்துப் போவேன். இந்த விளக்கு வேலையை நான் ஆரம்பித்ததே அந்தப் பதற்றத்தில்தான். நம் வீட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிட சுவிட்சைத் தட்டுவோம். விளக்கு அணைந்து எரிந்தால் 'இங்கே பார்' என்று அர்த்தம். கரண்ட் போய் வந்தால்கூட நீ எழுந்து வந்து, யார் கூப்பிட்டது என்று எங்கள் இருவர் முகத்தையும் பார்ப்பாய். அடையாற்றில் நான் வேலை பார்க்கும் மொபைல் ரிப்பேர் கடைக்குத் தரமணியில் படிக்கும் ஒரு அக்கா, செத்துப்போய்விட்டது என்று ஒரு போர்டைக் கொண்டுவந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் முழுக் கம்ப்யூட்டர். மெமரி கார்டுதான் கெட்டிருந்தது. அவர் வேண்டாம் என்று விட்டுப்போனதை, கடை வைத்திருக்கும் பாத்திமா அக்கா என்னிடம் தூக்கிக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியபோதே எனக்குத் தோன்றியது, சுவிட்சைத் தட்ட நான் வீட்டில் இருக்க வேண்டியதில்லை, இது தட்டும் என்று.

எப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆங்கில வரிகளை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். மெயின் லைனை மட்டும் வயர்மேன் வந்து சேர்த்துக் கொடுத்தார். ட்யூப் லைட் சிமிட்டச் சொன்னால் திக்கியது, அதைக் கழற்றிவிட்டு பல்பு மாட்டினோம். வாசல் பெல்லை அழுத்தினால் ஹால் பல்பு மூன்று தடவை சிமிட்டும். சின்ன மைக் ஒன்று குக்கர் விசிலைக் கேட்டு, ஒரு விசிலுக்கு ஒரு தடவை சமையலறை பல்பைச் சிமிட்டும். நம் மாடியில் யாரும் பெல் அடிப்பதில்லை, கதவைத்தான் தட்டுவார்கள் என்பதால் தட்டும் சத்தத்துக்கும் ஹால் பல்பைச் சேர்த்து வைத்தேன். முதல் நாள் அம்மா பருப்பு வைத்தாள். மூன்று விசில், மூன்று சிமிட்டல். தைத்துக்கொண்டிருந்த புடவையைப் போட்டுவிட்டு அம்மா ஓடிவந்து பல்பைப் பார்த்துக் கைதட்டினாள். அன்றைக்குத்தான் நீ சொன்னாய், பத்து நாள், பிறகு போ.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீ வீட்டில் இருந்தாய், நான் கடையில். மீன் வண்டி ஹாரன், மேல் வீட்டில் அம்மி நகர்த்துகிற சத்தம், கெனால் பக்கம் லாரி ரிவர்ஸ் எடுக்கிற பாட்டு எல்லாமே என் மைக்குக்குக் கதவாகவும் குக்கராகவும் கேட்டிருக்கின்றன. சாயங்காலம் படியேறி வந்தபோது எதிர் வீட்டு ராணி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி, உங்க ஊட்டுல லைட்டு டிஸ்கோ ஆடிக்கினு கீது? கல்யாணமா, கச்சேரியா?"

"புதுசா மாட்டிருக்கேன்கா. செட் ஆயிடும்."

"இன்னா செட்டு? உங்க நைனா காலைலேர்ந்து பதினோரு வாட்டி கதவைத் தொறந்து நிக்கிறாரு. வெளிய ஒரு நாதி இல்ல. நானே ரெண்டு வாட்டி பாவம் பாத்துப் போயி 'இன்னா நைனா'ன்னு கேட்டுட்டு வந்தேன்."

உள்ளே வந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். எனக்காகச் சொன்ன பொய் அது என்று தெரிந்தும், நான் அதை நம்புவதுபோல் நடித்தேன். அன்று இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, மைக்கை அடியோடு நிறுத்திவிட்டேன். கதவில் 'பெல்லை அழுத்தவும்' என்று எழுதி ஒட்டினேன், கதவு சரியாகிவிட்டது. இரண்டாவதுதான் தப்பு. ராணி அக்காவிடம் போய், நம் வீட்டுக் குக்கர் விசில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன்.

"நான் இன்னா உங்க ஊட்டு குக்கருக்கு வாட்ச்மேனா?"

"ஏழு நாள்தான்கா. ப்ளீஸ்."

"சரி, மூஞ்சிய அப்படி வெச்சிக்காத. ஓசூர் போயி மொத சம்பளத்துல எனக்கு ஒரு நைட்டி. பூப்போட்டது."

அதன் பிறகு சமையலறை விளக்கைச் சிமிட்டியது கம்ப்யூட்டர் இல்லை அப்பா, நான். போர்டைப் போனிலிருந்தே இயக்க ஒரு வெப் பக்கம் செய்து வைத்திருந்தேன். ராணி அக்காவின் மிஸ்டு கால் வரும், அடையாற்றில் கடையின் மூலையில் நின்று நான் பட்டனை அமுக்குவேன், மயிலாப்பூரில் நம் சமையலறை பல்பு ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும். பதினொன்றரை மணி ஆனால் போனையே பார்ப்பேன். ஸ்க்ரூவைக் கீழே போடுவேன். பாத்திமா அக்கா கேட்டேவிட்டார்.

"டெய்லி இந்த டைமுக்குப் போனும் கையுமா நிக்கறியே, என்னம்மா, லவ்வா?"

"குக்கர்க்கா."

"என்னது, குக்கரோடயா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. ஓசூர் கம்பெனியில் வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு விசிலுக்குக்கூட என்னால் பட்டன் அமுக்க முடியாது. அது தெரிந்தும் அமுக்கிக்கொண்டே இருந்தேன். முதலில் பத்து நாளைத் தாண்டிவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் என்ன ஆவீர்கள் என்று கவலைப்பட்டுத்தான் அந்தப் போர்டையே மாட்டினேன். கடைசியில் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள உங்களை ஏமாற்றினேன்.

சனிக்கிழமை நீ பட்டறைக்கு லீவு போட்டிருந்தாய். மதியம் மிஸ்டு கால் வந்தது, போனில் அந்த வெப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. சிக்னல் இல்லை என்று கடைக்கு வெளியே ஓடினேன், பஸ் ஸ்டாப் வரை போனேன். நான்கு மிஸ்டு கால், ஒரு சிமிட்டலும் போகவில்லை. மாலையில் வந்து பயந்துகொண்டே கேட்டேன். நீ கொஞ்சமும் முகம் மாறாமல், நான்கு விசில், விளக்கு நான்கு தடவை கூப்பிட்டது, நன்றாக வேலை செய்கிறது என்றாய். அப்போதுதான் நான் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனேன், டேப்பைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். நான் போகக் கூடாது என்றுதானே பிடுங்கினாய் என்று இரண்டு கையையும் வீசிக் கேட்டேன். என் வளையல் கதவில் பட்டு உடைந்தது. நீ அவசரப்படவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாய்.

அம்மாதான் சொன்னாள். வியாழக்கிழமை அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை, முந்தின நாள் குழம்பு இருந்தது. தி.நகர் கடைக்குக் கொடுக்க வேண்டிய புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். சமையலறை விளக்கு இரண்டு தடவை கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் குக்கர் கவிழ்த்து வைத்தபடி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்ல ராணி அக்கா இரண்டு தடவை கூப்பிட்டு வைத்தார், நான் வழக்கம்போல் அமுக்கிவிட்டேன். அம்மா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், கவிழ்த்த குக்கர் எப்படி விசில் அடிக்கும் என்று கன்னத்தை உப்பிக் காட்டினாள். நீ சிரிக்கவில்லை. 'போனிலிருந்து நீதான் பட்டனை அமுக்கினாயா?' என்று கேட்டாய், தலையாட்டினேன்.

பிறகு நீ காட்டினாய். சமையலறை ஜன்னல் கம்பியில் உன் ஷேவிங் கண்ணாடி கட்டியிருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்தால் அதில் குக்கர் தெரிகிறது, விசில் குண்டு எழும்புவது தெரிகிறது, ஆவி தெரிகிறது. அப்படித்தான் அம்மா அன்றைக்கு நான்கு எண்ணியிருக்கிறாள். வாசலில் ஒரு துவாரம் இருக்கிறதே, கரப்பான் வருகிறது என்று நான் பேப்பர் அடைத்து வைத்தேனே, அதன் வழியாக முன்பு ஒரு கயிறு ஓடுமாம். வெளியே இழுத்தால் உள்ளே ஒரு சிவப்புத் துணி தொப்பென்று விழுமாம். நான் நடக்கத் தொடங்கிய பிறகு துணி விழுவதற்குள் நான் கதவுக்கு ஓடிவிடுவேன், அதனால் கழற்றிவிட்டீர்கள். எனக்கு இது எதுவும் தெரியாது. 'நீ பிறப்பதற்கு முன்னால் விசிலை யார் எண்ணினார்கள், போலீஸா?' என்று அம்மா தலையில் தொப்பி வைத்துக் காட்டினாள். நான் கைக்குழந்தையாகத் தொட்டிலில் கிடந்த காலத்தில், பகலில் தைக்கும்போது என் காலுக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு நூல் கட்டியிருப்பாளாம். நான் அழுது காலை உதைத்தால் நூல் இழுக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்றாள். உங்களை நான் வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தேன் அப்பா.

நீ போ என்றாய். உன் விளக்கு இல்லாமல் ஒரு முழு நாள் இருந்து பார்த்தோம், போதும், போ என்றாய். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. "இந்த வீட்டில் விளக்கு கூப்பிட்டால் நான் வருவேன். வந்தால் ஒரு முகம் இருக்கும். உன் அம்மா முகம், இல்லை உன் முகம். இந்த வாரம் விளக்கு கூப்பிட்டது, ஆள் இல்லை."  பிறகு கேட்டாய். "வேறு எங்கெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் நீயே பட்டனை அமுக்கினாய்?"

நம் பேச்சில் கண்ணைத் திருப்பிக்கொண்டால் காதைப் பொத்திக்கொண்டதுபோல. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அதைவிடப் பெரிய மரியாதைக்குறைவு நம் வீட்டில் இல்லை. நீ எழுந்து போய்விட்டாய். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து நீ என்னிடம் கேட்கவும் இல்லை, பேசவும் இல்லை. நாளைக் காலை நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறினால், இதுவரை டாக்டர் சொன்னதாக, வீட்டுக்காரர் சொன்னதாக, உன் முதலாளி சொன்னதாக நான் உன் முன்னால் வைத்த ஒவ்வொரு சொல்லையும் நீ எடுத்துத் திருப்பிப் பார்ப்பாய். பெரும்பாலும் உண்மையைத்தான் சொன்னேன் அப்பா. ராணி அக்காவின் திட்டுகளைக் கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்று இருக்கிறது.

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம். நீ அரை நாள் லீவு போட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, முழங்கை வரை ஒட்டியிருந்த பசையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். மிஸ் மேஜைக்கு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம், நடுவில் நான். மிஸ் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது. "சார், இவ மார்க் பாருங்க. கணக்குல கிளாஸ்லயே ரெண்டாவது. கண்டிப்பா ப்ளஸ் ஒன்ல சேத்துடுங்க. பேசத்தான் பயப்படறா, அதை நாங்க பாத்துக்கறோம்." நீ என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொன்னது இது: மார்க் சுமார், இதற்கு மேல் கஷ்டம், ஏதாவது கைவேலை கற்றுக்கொள்ளட்டும் என்கிறார். நீ கேட்கச் சொன்னாய், ட்யூஷன் வைத்தால் முடியுமா, நான் ஓவர்டைம் செய்கிறேன் என்று. நான் மிஸ்ஸிடம் திரும்பி, "அப்பா யோசிச்சு சொல்றாராம் மிஸ்" என்றேன்.

ஏன் என்று கேட்பாய். வகுப்பில் எழுந்து சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள். குரலே இல்லாத வீட்டில் வளர்ந்ததால் என் பேச்சு கொஞ்சம் மேலும் கீழுமாக வரும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. பின் பெஞ்சில் அதேபோல் சொல்லிக் காட்டுவார்கள். 'ஊமை ஊட்டுப் பொண்ணு' என்பார்கள். இன்னும் இரண்டு வருஷம் அதைத் தாங்க முடியாது என்று நினைத்தேன். உன்னிடம் அதைச் சொன்னால் காரணம் நீயும் அம்மாவும் என்று ஆகிவிடும். அதனால் மிஸ்ஸின் வாயில் என் பொய்யை வைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல், விழப்போய் விழப்போய், இரண்டு கையாலும் நீ சொல்லிக்கொண்டே வந்தாய். "தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது, எனக்குப் படிப்பு சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை, வேறு வீட்டில் பிறந்திருந்தால் நீ படித்திருப்பாய்." நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். இரண்டு வருஷமாக அதை நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். ஓசூரில் வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று தெரிந்ததும் நான் ஏன் இப்படிப் பறக்கிறேன் என்று உனக்குப் புரியவில்லை. இதனால்தான். உன்னிடமிருந்து திருடியதை எங்காவது திருப்பி வைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

அறிவுரை சொல்லாமல் எனக்கு முடியவில்லை, அது பழக்கமாகிவிட்டது. நான் போன பிறகு டாக்டரிடம் போனால் தாளில் எழுதித் தரச் சொல். அவசரமாக எழுதினால் திருப்பிக் கொடு, புரியும்படி எழுதச் சொல். பேங்கில் டோக்கன் நம்பரைத் திரையில் பார், கூட்டத்தைப் பார்க்காதே. புரியாத எதற்கும் தலையாட்டாதே அப்பா. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது, எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கக் கூடாது என்று தலையாட்டிவிடுவாய். அன்றைக்கு மிஸ் முன்னாலும் தலையாட்டினாய். என்னைத் தாண்டி, மிஸ்ஸிடமே ஒரு தாளை நீட்டியிருந்தால் என் பொய் அங்கேயே கிழிந்திருக்கும். யார் நடுவில் நின்றாலும், நானே நின்றாலும், தாளை நீட்டு.

மத்தியானம் ராணி அக்காவிடம் இனி மிஸ்டு கால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ("நைட்டி உண்டுல்ல?" என்றார். உண்டு என்றேன்.) போர்டில் போனிலிருந்து விளக்கைச் சிமிட்டும் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். வாசல் பெல் மட்டும் வேலை செய்யும். பெல்லை அழுத்துகிறவர் கதவுக்கு வெளியே நின்றாக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவ்வளவுதான் எழுதினேன், இந்தக் கடைசி வரிகளைப் பிறகு சேர்க்கிறேன். தலையணைக்கு அடியிலோ உன் சட்டைப் பையிலோ வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்துப் படித்தபோது, இதுவும் ஆள் இல்லாமல் கூப்பிடுவதுதான் என்று தோன்றியது. தாளை மடித்து வைத்தேன். ஹாலில் நீ அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன் எதிரே தரையில் போய் உட்கார்ந்தேன். நீ நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்து, உன் கண்ணைப் பார்த்துக் கைகளைத் தூக்கினேன்.